மிதிகட்டையும் மாஸ்டர் சிலிண்டரும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவர்)

வண்டியை ஓட வைப்பது கெட்டிக்காரத்தனம்; ஓடுகிற வண்டியை நினைத்த இடத்தில் நிற்க வைப்பது அதனினும் பெரிய கெட்டிக்காரத்தனம். இந்த உண்மையை நான் வகுப்பறையில் கற்கவில்லை. அனுப்பர்பாளையத்தில் என் தாய்மாமனின் லேத் பட்டறையில் கற்றேன்.

திருப்பூர் பனியனால் பெயர் பெற்றது; அதன் ஓரத்தில் இருக்கும் எங்கள் ஊர் பாத்திரத்தால் பெயர் பெற்றது. குடமும் அண்டாவும் உருவாகும் ஊரில் கார் எப்படி வந்தது என்று நண்பர்கள் கேட்கலாம். கோவைப் பக்கத்துக்கு இது புதிதன்று. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 காரின் என்ஜினை வைத்து 1988-இல் ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தளம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த என் மாமா, பழைய மாருதி 800 ஒன்றின் உறுப்புகளை வாங்கி, இரும்புக் குழாய்களால் சட்டம் பற்றவைத்து, இரண்டு பேர் அமரும் சிறு கார் ஒன்றைக் கட்டினார். சாலையில் ஓட்ட அன்று. சொந்தக் காட்டில் ஓட்டிப் பார்க்க மட்டுமே.

என்ஜின் இரண்டாம் நாளே உறுமியது. எங்களை ஆட்டி வைத்தது பிரேக்தான்.

பிரேக்கின் தத்துவம் நாம் அனைவரும் படித்ததே. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்றார் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கல். ஆனால் அந்தத் திரவத்தை அழுத்தும் முன், காலின் விசையைப் பெருக்கித் தருவது மிதிகட்டை என்னும் நெம்புகோல். எங்கள் மிதிகட்டையில், அச்சாணியிலிருந்து பாதம் படும் இடம் 25 செ.மீ.; தள்ளுதண்டு மாட்டும் பின் 5 செ.மீ. ஆக, பெருக்கம் 5 மடங்கு. காலால் 20 கிலோ எடை அளவுக்கு அழுத்தினால், தண்டு 100 கிலோவாகத் தள்ளும். எங்கள் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் முக்கால் அங்குலம். பரப்பு ஏறத்தாழ 2.85 சதுர செ.மீ. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர செ.மீட்டருக்கு 35 கிலோ அழுத்தம் பிறக்கிறது!

அப்படியானால் பெரிய சிலிண்டர் போட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்குமே என்று தோன்றும். உண்மை அதற்கு நேர்மாறு. ஓர் அங்குலச் சிலிண்டரில் அதே கால் விசைக்கு 20 கிலோ அழுத்தமே கிடைக்கும். மிதிகட்டை குறைந்த தூரமே இறங்கும். ஆனால் கல்லைப் போல் கடினமாக இருக்கும். தூரத்தைக் கொடுத்து விசையை வாங்குகிறோம். இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. தண்டு 100 கிலோவாகச் சிலிண்டரைத் தள்ளினால், சிலிண்டரைத் தாங்கும் தகடும் அதே 100 கிலோவைத் தாங்கியாக வேண்டும். நாங்கள் முதலில் போட்ட மெல்லிய தகடு, மிதிக்கும்போதெல்லாம் வளைந்தது. மிதித்த மிதியில் பாதி தகட்டை வளைக்கவே செலவாயிற்று. பிறகு கனமான பட்டைத் தகட்டைச் சட்டத்தோடு பற்றவைத்தோம். பொறியியல் மாணவர்கள் தாமே கட்டிய கார்களோடு மோதும் ‘ஃபார்முலா’ போட்டிகளில், மிதிகட்டை அமைப்பு 2000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது காரணமில்லாமல் அன்று. பயந்து மிதிக்கிறவன் கணக்குப் பார்த்து மிதிப்பதில்லை.

எல்லாம் முடிந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் காட்டுக்குக் கொண்டு போனோம். முதல் சுற்று நன்றாக இருந்தது. மூன்றாம் சுற்றில் வண்டி கனத்தது. நான்காம் சுற்றில் நின்றே விட்டது. முன் சக்கரங்களைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு.

“இஞ்சின்லதான் ஏதோ கோளாறு, மாப்ளே” என்றார் மாமா.

முன் சக்கரத்தின் பிளீடிங் நிப்பிளைத் துணி சுற்றி லேசாகத் திருகினேன். பிரேக் ஆயில் சீறி வந்தது. அடுத்த நொடி சக்கரம் கையால் சுழன்றது. கோளாறு என்ஜினில் அன்று!

காரணம் இதுதான். மாஸ்டர் சிலிண்டரின் சுவரில், மேலே உள்ள கிண்ணத்துக்குப் போகும் சின்னஞ்சிறு துளை ஒன்று உண்டு. காலை எடுத்ததும் பிஸ்டன் முழுவதும் பின்வாங்கினால்தான் அது திறக்கும். சூட்டில் விரியும் திரவம் அதன் வழியே கிண்ணத்துக்குத் திரும்பும். நாங்கள் தள்ளுதண்டைத் துளியும் இடைவெளி இல்லாமல் இறுக்கமாகப் பொருத்தியிருந்தோம். பிஸ்டன் மயிரிழை முன்னே நின்றது; துளை மூடிக்கொண்டது. விரிந்த திரவம் போக வழியின்றிப் பிரேக்கைத் தானே அழுத்தியது. அழுத்தம் சூட்டை வளர்த்தது. சூடு அழுத்தத்தை வளர்த்தது.

மருந்து எளிது. தண்டுக்கும் பிஸ்டனுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஐந்து மடங்குப் பெருக்கத்தில் அது பாதத்தில் 5 மில்லிமீட்டர் வெற்று ஆட்டமாகத் தெரியும். மிதிகட்டை திரும்பி வந்து நிற்பதற்குத் தனித் தடுப்பும் சுருள்வில்லும் வேண்டும். தண்டு, சிலிண்டரின் நேர்கோட்டிலேயே தள்ள வேண்டும். சாய்ந்து தள்ளினால் பிஸ்டன் ஒரு பக்கமாகத் தேயும். நீளத்தைச் சரிசெய்த பின் பூட்டு நட்டை இறுக்க மறக்கக் கூடாது. மறந்தால் அதிர்வில் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும்.

தண்டைக் குட்டையாக்கக் கழற்றியபோதுதான் என் கை நடுங்கியது. மிதிகட்டையையும் தண்டையும் இணைக்கும் பின்னுக்குக் குறுக்கே பிளவுப் பின் இல்லை. அவசரத்தில் யாரோ கட்டுக்கம்பியை நுழைத்திருந்தோம்; அது அறுந்து, பின் பாதி வெளியே வந்திருந்தது. அடுத்த சுற்றில் மாமாவின் எட்டு வயது மகன் பக்கத்து இருக்கையில் ஏறுவதாக இருந்தான். செருப்பைக்கூடக் கழற்றி வைத்துவிட்டுக் காத்து நின்றான். அந்தப் பின் விழுந்திருந்தால் சிலிண்டர், குழாய், பாஸ்கல் விதி எல்லாம் நன்றாகவே இருந்திருக்கும். மிதிகட்டை மட்டும் வெறுமனே தரையைத் தொட்டிருக்கும். முன்பிரேக்குக்கும் பின்பிரேக்குக்கும் தனித்தனிப் பாதை வைத்தாலும், இரண்டுக்கும் முன்னால் இருப்பது அந்த ஒரே பின்தான்.

மாமா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீடு திரும்பினோம். புதிய பின்னும் பிளவுப் பின்னும் போட்டு, மறு வாரம் மாமா தனியாக இருபது சுற்று ஓட்டிய பிறகே பையன் ஏறினான்.

நண்பர்களே, தேர்வில் பாஸ்கல் விதியை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் விதி வேலை செய்ய, சில ரூபாய் விலையுள்ள ஒரு பின் தன் இடத்தில் இருக்க வேண்டும். பெரிய தத்துவங்களைப் படிக்கும் நாம் சிறிய பொருள்களையும் மதிக்கக் கற்றுக்கொள்வோமாக.