ஹட்சன் கட்டிடத்தின் இரட்டைத் தூண்கள்

வெடிவைத்துத் தகர்க்கப்படும் உயரமான கட்டிடத்தை உண்மையில் வீழ்த்துவது வெடிமருந்தன்று, அக்கட்டிடத்தின் சொந்த எடையே. தாங்கும் தூண்களைக் குறித்த வரிசையில், நொடியின் சிறு பின்னங்களை இடைவெளியாக விட்டு அறுப்பது மட்டுமே வெடியின் பணி. விழவேண்டிய பக்கத்தில் முதலில் கோடரி வைத்து மரத்தைச் சாய்ப்பதைப் போல, நடுத்தூண்களை முதலில் நீக்கினால், சரியும் தளங்கள் வெளிச்சுவர்களை உள்நோக்கி இழுத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மையத்தில் 439 அடி உயரம் நின்ற ஜே.எல். ஹட்சன் பல்பொருள் அங்காடி, 1998 அக்டோபர் 24 அன்று இம்முறையில்தான் தகர்க்கப்பட்டது. கான்கிரீட் தூணில் துளையிட்டு மருந்தை அடைக்கலாம். அக்கட்டிடத்தில் இருந்தவை போன்ற எஃகுத் தூண்களுக்கு அது உதவாது என்பதால், 'வி' வடிவச் செம்புத் தகட்டின் முதுகில் மருந்து வைத்த வெட்டுவெடிகள் பொருத்தப்படுகின்றன. வெடிக்கும் கணத்தில் அச்செம்பு மெல்லிய தாரையாகப் பீறிட்டு எஃகை அறுத்துவிடுகிறது.

வெடியைக் காட்டிலும் வியப்புக்குரியது அக்கட்டிடத்தின் உடலமைப்பு. 1911 முதல் 1946 வரை பல கட்டங்களாக விரிவாக்கப்பட்ட அதில், ஒவ்வொரு புதுப் பகுதியும் பழையதன் தூண்களை நம்பாமல் தனக்கெனத் தூண்வரிசை அமைத்துக்கொண்டதால், இணைப்பிடங்களில் இரட்டைத் தூண்வரிசைகள் நின்றன. வெளியிலிருந்து ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அது தோளோடு தோள் நின்ற பல கட்டிடங்களின் தொகுப்பு. ஒரு பகுதி விழும்போது மற்றதையும் இழுத்துச் செல்லும் என நம்ப இயலாது. ஆகவே அதை ஆராய்வதற்கே மூன்று மாதங்கள் ஆயின. 4,118 வெடிகள் வைக்கப்பட்டன. ஏறத்தாழ 1,240 கிலோ மருந்தின் காற்றழுத்தம் ஒருசேரத் தாக்காதிருக்க, 36 முதன்மை இடைவெளிகளும் 216 நுண்ணிடைவெளிகளும் வகுக்கப்பட்டன. அவ்வளவு கணக்கிட்டும், அருகில் மேம்பாலத்தில் ஓடிய ரயிலின் பாதை இடிபாடுகளால் சேதமுற்றது. நகர மையத்தைப் புழுதி மூடியது.

நொறுங்கிய காரையும் கான்கிரீட்டும் கலந்த புழுதி நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால், இத்தகைய தகர்ப்பைத் திருவிழாவாக்கிக் கூட்டம் சேர்ப்பது பொறுப்பற்ற செயலாகும். அதனினும் வருந்தத்தக்கது, 1983இல் அங்காடி மூடப்பட்டபின் அக்கட்டிடம் பல ஆண்டுகள் வெறுமையாக விடப்பட்டதே. ஒவ்வொரு தூணையும் அறுப்பதற்காக ஆராய்ந்த அக்கறையில் ஒரு பங்கேனும் காப்பதற்காக முன்பே செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இடிப்பதற்கு அவசரமும் இருக்கவில்லை: அம்மனையில் பின்னர் அமைந்தது நிலத்தடி வாகன நிறுத்தம், அதன்மீது புதிய கட்டிடம் எழுப்பும் பணி 2017இல்தான் தொடங்கியது.