சீட் உறைக்குள் புதைந்து கிடக்கும் 'பெல்ட்' பக்கிள்! போடிமெட்டு ஏறும் கார்களில் பின் சீட்டைக் கவனிப்பார் இல்லை

போடிநாயக்கனூரை விட்டு முந்தல் தாண்டினால் மலை. போடிமெட்டு போய்ச் சேர 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அதல பாதாளம். ஏலத் தோட்டத்துக்கும் மூணாறுக்கும் போகிற கார்கள் இந்த வழியாகத்தான் ஏறி இறங்குகின்றன.

அந்தக் கார்களின் பின் சீட்டில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். பெல்ட் தொங்கும். பல கார்களில் அதை மாட்டுகிற பக்கிளைக் காணோம்! புது சீட் உறை போட்டபோது அடியில் போனது போனதுதான். கேட்டால், "பின்னாடி உக்கார்றவனுக்கு எதுக்குய்யா பெல்ட்டு?" என்பார்கள்.

பென்ஸ் காரில் நடந்தது

டாடா குழும முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி போனது பென்ஸ் காரில். 2022 செப்டம்பர் 4-ந்தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே அது பாலத்துச் சுவரில் மோதியது. முன் சீட்டில் இருந்த 2 பேர் படுகாயத்தோடு பிழைத்தார்கள். பின் சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் பலி. இருவரும் பெல்ட் போடவில்லை என்றது போலீஸ்.

பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். போடாவிட்டால் அபராதம் ரூ.1,000.

போட்டால் மட்டும் போதாது. கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறக் கூடாது. இடுப்பு எலும்பில் தாழ்வாகப் படிய வேண்டும். வயிற்றில் இருந்தால் மோதும்போது குடலைப் பதம் பார்த்துவிடும். மேல்பட்டை தோளின் நடுவே, நெஞ்சுக்குக் குறுக்கே வர வேண்டும். கக்கத்துக்கு அடியில் விட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. விலா எலும்பு என்னத்துக்கு ஆகும்?

இழுத்தால் வரலையா?

ஏற்றத்தில் வண்டி சாய்ந்து நின்றால் சில கார்களில் பெல்ட் இழுக்க வராது. ரிப்பேர் என்று விட்டுவிடுகிறார்கள். ரிப்பேர் இல்லை, சாய்ந்தால் பிடித்துக்கொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். அடிவாரத்தில் சமதரையிலேயே மாட்டிக்கொண்டால் தொல்லை இல்லை.

தோட்டத்துப் புழுதியும் சாரலும் ஏறிய பெல்ட் உள்ளே சுருளாமல் தொங்கும். லேசான சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர் ஆகவே ஆகாது, நூல் இற்றுவிடும். சமதரையில் வெடுக்கென்று இழுத்தால் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டாலும், ஓரம் பிரிந்திருந்தாலும் ஒட்டுப் போடாமல் புதுசு மாட்டுங்கள். விபத்தில் அடிபட்ட காரின் பெல்ட்டைக் கழற்றி மாட்டுவது வீண். அது ஒருமுறை உயிரைத் தாங்கி இழுபட்டது.

எச்சரிக்கை மணியை நிறுத்த வெறும் கொக்கியைச் செருகுகிறவர்கள் தனி ரகம். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய நடவடிக்கையில் இந்தக் கொக்கிக்கான 13,118 ஆன்லைன் விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன.

தோட்ட வேலைக்கு ஆள் மேல் ஆளாக ஏற்றிப் போகிற ஜீப்புகள்? பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் பேச்சுக்கே இடமில்லை. அது அதிகாரிகள் பார்க்க வேண்டிய சங்கதி.

கார்க்காரர்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. உறையில் ஓட்டை விட்டு, ஓரம் தைத்து, பக்கிளை வெளியே எடுக்க ஒரு கத்தரிக்கோலும் ஊசி நூலும் போதும்.