டில்லர் விற்கும்போது ஆயிலையும் ஊற்றிக் கொடுங்கள்

மண்வெட்டி, கடப்பாரை, பம்புசெட் சாமான் என்று விற்று வந்த நம் கடைகளில் இப்போது தோட்டத்து டில்லரும் பவர் வீடரும் முன்வரிசையில் நிற்கின்றன. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை. வாழை, மஞ்சள், காய்கறி வைத்தவர்கள் எல்லாம் கேட்டு வருகிறார்கள். விற்பனை நல்லதுதான். ஆனால் மண்வெட்டி விற்றால் பில்லோடு கணக்கு முடிந்தது. இந்தச் சரக்கு அப்படியல்ல என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

2018-ல் எங்களிடம் சரக்கெடுக்கும் ஒரு சில்லறைக் கடைக்காரர் மூலம் ஒரு விவசாயிக்கு பெட்ரோல் டில்லர் போயிற்று. மூன்றாம் நாள் காலையில் வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். கயிற்றை இழுத்தால் அசையவில்லை, இஞ்சின் பிடித்துக்கொண்டது. "ஆயில் ஊத்துனீங்களா?" என்று கேட்டோம். "ஊத்துனேனுங்க, பெட்ரோல்லயே கலந்து ஊத்துனேன்" என்றார். அவரிடம் முன்பே இருந்தது டூ ஸ்ட்ரோக் புல் வெட்டும் மெஷின். அதற்கு பெட்ரோலில் ஆயில் கலப்பதுதான் முறை. நாம் கொடுத்ததோ ஃபோர் ஸ்ட்ரோக். டேங்கில் ஆயில் இருந்தது, இஞ்சினுக்கு அடியில் ஒரு சொட்டு இல்லை.

கியாரண்டியில் வராது என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. 'ஆயில் ஊற்றாமல் அனுப்பப்படுகிறது' என்று பெட்டியில் இங்கிலீஷில் ஒட்டியிருந்தது உண்மைதான். அதை அவருக்குப் படித்துச் சொல்ல வேண்டியவர் யார்? சில்லறைக் கடைக்காரரும் நாங்களும் ஆளுக்குப் பாதி போட்டு இஞ்சினைச் சரிசெய்து கொடுத்தோம். அந்த ஊர் வியாபாரம் மீண்டும் எங்கள் பக்கம் திரும்ப இரண்டு வருடம் ஆயிற்று.

இந்தச் சிறிய இஞ்சின்களில் பெரும்பாலும் ஆயில் பம்பு கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற பாகம் ஆயிலை அள்ளி மேலே தெளிக்கிறது. அள்ளுவதற்கு ஆயில் இல்லையென்றால் இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு குதிரைசக்தி இஞ்சினுக்குத் தேவையானது சுமார் 600 மில்லிதான். பெட்டியைப் பிரித்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வாங்குபவர் கண்ணெதிரே ஊற்றிவிடுங்கள். 10டபிள்யூ-30 ரகம் பெரும்பாலான இஞ்சின்களுக்கு ஒத்துவரும். கம்பெனிப் புத்தகத்தில் வேறு ரகம் போட்டிருந்தால் அதுவே. அளவுக்கு மேல் ஊற்றுவதும் தவறு, புகை தள்ளும்.

கியர் பெட்டிக்கு வேறு துவாரம், வேறு ஆயில். 80டபிள்யூ-90 கியர் ஆயில் கேட்கும் மாடல்கள் அதிகம். இஞ்சின் ஆயிலையே கேட்பவையும் உண்டு. இதிலும் புத்தகம் சொல்வதே முடிவு. இரண்டு துவாரத்தையும் கையால் தொட்டுக் காட்டுங்கள். வாயால் சொன்னது தோட்டம் போய்ச் சேருவதற்குள் மறந்துவிடும்.

புது இஞ்சினில் முதல் 20 மணி நேரம் ஓடியதும் ஆயிலை மாற்ற வேண்டும். புதுப் பாகங்கள் தேய்ந்து வரும் இரும்புத்தூள் அதில்தான் கலந்திருக்கும். இஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்தால் கசடும் சேர்ந்து வரும். பிறகு 100 மணி நேரம் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அப்போது. மணிக்கணக்கு யாரும் எழுதிவைப்பதில்லை. ஆகவே நாங்கள் 'வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு நாளும் குச்சியை இழுத்துப் பாருங்கள், கறுத்தால் வாருங்கள்' என்று சொல்லி அனுப்புகிறோம். அவர் வரும்போது ஒரு லிட்டர் ஆயிலும் விற்கிறது!

எங்கள் அனுபவத்தில் ஆயிலுக்கு அடுத்த எதிரி தூசி. காய்ந்த மண்ணில் ஓட்டினால் 10 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். ஃபோம் வகையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சுத்தமான இஞ்சின் ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்டலாம். காகித வகையை நனைக்கக் கூடாது. பெட்ரோலில் கழுவும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தீப்பிடிக்கும் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கத்தி மாட்டிய தண்டில் புல், வாழைநார், பிளாஸ்டிக் கயிறு எல்லாம் சுற்றும். அப்படியே விட்டால் ஆயில் சீலை அறுத்துவிடும். கியர் ஆயில் ஒழுகி மண் உள்ளே போகும். இருபது ரூபாய் கயிறு ஒரு கியர் பெட்டியையே தின்றதைப் பார்த்திருக்கிறோம். வேலை முடிந்ததும் இஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே கை வைக்க வேண்டும். பயன்படுத்தும் முறையையும் அபாயத்தையும் சொல்லாமல் விற்று, அதனால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்றவரும் பொறுப்பு என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்வதையும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

கிரீஸ் நிப்பிள் இருந்தால் கிரீஸ் அடிக்கலாம். கிளட்ச் கேபிளில் இரண்டு சொட்டு ஆயில் விடலாம். பெல்ட்டில் மட்டும் படவே கூடாது, வழுக்கும்.

பருவம் முடிந்து மாதக்கணக்கில் நிறுத்துபவர்கள் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிட வேண்டும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை இழுத்து உள்ளே அரிக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு முறை இழுத்து வைத்தால் சிலிண்டர் துருப்பிடிக்காது.

இப்போது எங்கள் கிடங்கிலிருந்து போகும் ஒவ்வொரு டில்லரின் கைப்பிடியிலும் தமிழில் ஒரு சீட்டு கட்டுகிறோம்: ஆயில் ஊற்றிய தேதி, இரண்டு ஆயிலின் ரகம், 'பெட்ரோலில் ஆயில் கலக்காதீர்கள்' என்ற வரி. சீட்டு வேண்டும் என்கிற உறுப்பினர்கள் சரக்கெடுக்க வரும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தனியாகக் காசு கிடையாது.