தட்டினால் தாவும் பாட்டு! டிஜே பேடுகளைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

டிஜே ஒருவரின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் பச்சை, நீலம், சிவப்பு என்று மினுக்கும் சின்னச் சின்னச் சதுரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவர் விரல் தட்டத் தட்டப் பாட்டு எங்கெங்கோ தாவும்! அதுதான் பேட் கன்ட்ரோலர். கையில் இருக்கும் டர்ன்டேபிள், மிக்ஸரோடு தனியாக வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். வாங்கப் போகிறீர்களா? அதற்கு முன் இந்த ஆச்சரியங்களைக் கேளுங்கள்!

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு சொட்டு இசைகூடக் கிடையாது தெரியுமா? ஆமாம்! பாட்டு, தாளம், எஃபெக்ட் எல்லாமே லேப்டாப்பில்தான். நீங்கள் பேடைத் தட்டினால் அது அனுப்புவது வெறும் 3 பைட் தகவல். 'இந்த சேனல், இந்தப் பட்டன், இவ்வளவு அழுத்தம்!' அவ்வளவுதான். அந்த 3 பைட்டுக்குத்தான் ஆயிரம் பேர் ஆடுகிறார்கள்!

அந்த மூன்று பைட்டின் மொழிக்கு மிடி என்று பெயர். வயது என்ன தெரியுமா? நாற்பதைத் தாண்டிவிட்டது! 1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் ஓர் இசைக்கருவிக் கண்காட்சி. ஓர் அமெரிக்கக் கம்பெனியின் ப்ராஃபெட் 600, ஜப்பானின் ரோலண்ட் தயாரித்த ஜூபிடர் 6. சந்தையில் போட்டிபோடும் இரண்டு கம்பெனிகளின் கீபோர்டுகள்! நடுவில் ஒரு கேபிளைச் செருகினார்கள். ஒன்றில் வாசித்தால் இன்னொன்று பாடியது! இதற்குப் பின்னால் இருந்த டேவ் ஸ்மித்துக்கும் இகுடாரோ ககேஹாஷிக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. முப்பது வருஷம் கழித்து!

இன்னொரு கணக்கு. மிடியில் 16 சேனல். ஒவ்வொன்றிலும் 128 நோட். பெருக்கிப் பாருங்கள்: 2,048! ஒரே கேபிளில் இத்தனை பட்டன்களுக்குத் தனித்தனி முகவரி! அந்தப் பழைய 5 முள் கேபிளிலேயே ஒரு தட்டு போய்ச் சேர ஒரு மில்லி விநாடிகூட ஆகாது!

அப்படியானால் தட்டியவுடன் சத்தம் வராமல் சில சமயம் ஏன் லேசாகப் பிந்துகிறது? பேட்மீது பழி போடாதீர்கள்! பெரும்பாலும் லேப்டாப்பின் ஆடியோ பஃபர் (ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடம்) அளவுதான் காரணம். 512 சாம்பிள் என்று வைத்திருந்தால் பஃபர் மட்டுமே சுமார் 11.6 மில்லி விநாடி தாமதம். அது எவ்வளவு தெரியுமா? ஸ்பீக்கரிலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்றால் சத்தம் காதுக்கு வர ஆகும் அதே நேரம்! 128 சாம்பிளாகக் குறைத்தால் ஒரே மீட்டர்! புதுப் பெட்டிக்குக் காசு கொட்டுவதற்கு முன் இந்த ஓர் எண்ணை மாற்றிப் பாருங்கள்.

பேடின் கொள்ளுத்தாத்தா யார் தெரியுமா? ஒரு க்ரேயான்! 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் இசைத்தட்டின் மேலேயே க்ரேயானால் கோடு போட்டார். தாளம் எங்கே தொடங்குகிறது என்று கோட்டைப் பார்த்தால் போதும். தட்டைப் பின்னோக்கிச் சுற்றி அதே இடத்துக்குத் திரும்பிவிடுவார்! இன்று அந்தக் கோட்டின் வேலையைச் செய்வதுதான் ஹாட் க்யூ. செராட்டோ மென்பொருளில் ஒரு பாட்டுக்கு 8 ஹாட் க்யூ வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேட், ஒரு நிறம்! ஃபிளாஷுக்கு முன் டிஜே கூல் ஹெர்க், ஆட்டம் சூடுபிடிக்கும் தாளப் பகுதியை நீட்டிக்க ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து மாறி மாறி ஓட்டினார். இன்று அதற்கு ஒரே ஒரு லூப் பேட்!

நான்குக்கு நான்கு, மொத்தம் 16 பேட். இந்த அமைப்பை எங்கும் பரப்பியது எது? 1988-ல் ரோஜர் லின் வடிவமைத்து அகாய் வெளியிட்ட எம்பிசி 60! அதன் நினைவகத்தில் எவ்வளவு ஒலி அடங்கும் தெரியுமா? சுமார் 13 விநாடி! வெறும் 13 விநாடியை வைத்துக்கொண்டு ஹிப்ஹாப்பின் முகத்தையே மாற்றினார்கள்! அதன் பின்வந்த எம்பிசி 3000-ல் தாளம் கட்டியவர் ஜே டில்லா. அவருடைய பெட்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது!

நம்மவர் கதையும் உண்டு! லண்டனின் மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தன் முதல் பாட்டுகளுக்கு உருக்கொடுத்தது ரோலண்ட் எம்சி 505 என்ற பட்டன் பெட்டியில். அதுவும் இரவல் வாங்கிய பெட்டி! 2005-ல் வந்த ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர், தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்'!

2011-ல் ஒரு பிரெஞ்சுப் பையன். வயது 17. பெயர் மேடியான். நோவேஷன் லாஞ்ச்பேடின் 64 சதுரங்களில் விரல்களை ஓட்டி, 39 பாட்டுகளை ஒரே பாட்டாகக் கோத்தான்! வீடியோ உலகத்தையே சுற்றியது. இதில் என்ன விசேஷம் தெரியுமா? 2009-ல் வந்த அந்த முதல் லாஞ்ச்பேடுக்கு அழுத்தம் தெரியாது! மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒன்றுதான்.

இங்கேதான் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும். விரலாலேயே டிரம்ஸ் வாசிக்கப் போகிறீர்களா? அழுத்தம் உணரும் ரப்பர் பேட் வேண்டும். மெல்லிசான தட்டு முதல் முழு அடி வரை 127 படி கிடைக்கும். ஹாட் க்யூ தாவுவதற்கு மட்டுமா? அழுத்தம் தேவையே இல்லை! 'டக்' என்று உறுதியாக விழும் பட்டன்தான் அதற்கு ராஜா. மிடி ஃபைட்டர் என்ற கன்ட்ரோலரில் என்ன பட்டன் போட்டார்கள் தெரியுமா? வீடியோ கேம் கடைகளில் சிறுவர்கள் அடித்து நொறுக்கும் அதே ஜப்பானிய சான்வா பட்டன்!

இதைக் கேளுங்கள்! டர்ன்டேபிளின் மூலையில் வட்டமாக ஒரு பள்ளம் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா? பெரிய ஓட்டை போட்ட 45 வேக இசைத்தட்டுகளுக்கான அடாப்டரை வைக்கும் இடம் அது. அந்தப் பள்ளத்திலேயே 'சிக்' என்று உட்காருகிற ஒரு கன்ட்ரோலர் வந்தது! நோவேஷன் டைசர்! ஜோடியாக வந்தது, ஒவ்வொன்றிலும் 5 பெரிய பட்டன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே யுஎஸ்பி! மேஜையில் அங்குல இடம்கூடப் பிடிக்காது. ஸ்க்ராட்ச் செய்யும் கை தட்டை விட்டு நாலு விரல்கடை நகர்ந்தால் பட்டன்! இதுவரை வந்த கூடுதல் கன்ட்ரோலர்களிலேயே மிகச் சாமர்த்தியமான வடிவம் இதுதான், சந்தேகமே இல்லை!

நேர் எதிர்க்கோடியில் பயனியரின் டிடிஜே எக்ஸ்பி2. பக்கத்துக்கு 16, மொத்தம் 32 பேட்! இத்தனைக்கும் தனி கரன்ட் அடாப்டர் கிடையாது. லேப்டாப்பின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம்! சாதாரண யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது எவ்வளவு தெரியுமா? அரை ஆம்பியர்தான்! அதனால்தான் ஒரு மலிவான ஹப்பில் நாலைந்து பெட்டிகளைச் செருகினால் விளக்குகள் மங்கும், இணைப்பு அறுந்துபோகும். தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்கிக்கொள்ளுங்கள்.

8 பேட், 4 மோட், ஷிஃப்ட் அழுத்தினால் இன்னொரு அடுக்கு. மொத்தம் 64 வேலை! அட்டைப்பெட்டியில் படிக்கப் பிரமாதமாக இருக்கும். கும்மிருட்டில், காது கிழியும் சத்தத்தில், எந்த மோடில் இருக்கிறோம் என்று நினைவிருக்குமா? தினமும் தொடும் ஏழெட்டு வேலை ஷிஃப்ட் இல்லாமல் கைக்கு வந்தால், அந்தப் பெட்டி 64 வேலைப் பெட்டியைவிட எவ்வளவோ மேல்!

பேடின் விளக்கை எரியவைப்பது யார் தெரியுமா? பேட் அல்ல, பெரும்பாலும் லேப்டாப்! பேட் ஒரு தகவல் அனுப்பினால் மென்பொருள் திருப்பி இன்னொன்று அனுப்புகிறது. அதனால்தான் பாட்டு மாறியதும் நிறங்களும் தானாக மாறுகின்றன! உங்கள் மென்பொருளுக்கு அந்த மாடலின் மேப்பிங் (எந்தப் பட்டனுக்கு எந்த வேலை என்ற பட்டியல்) முழுதாகத் தயாராக இல்லையென்றால், பட்டன் வேலைசெய்யும், விளக்கு எரியாமல் கிடக்கும். மேப்பிங்கை நாமே எழுதலாம்; ஆனால் விளக்குக்கும் சேர்த்து எழுத வேண்டும்!

கடையில் ஒரு நிமிஷ சோதனை. பேடின் நடுவில் தட்டாதீர்கள், மூலையில் தட்டுங்கள்! அங்கேயும் கேட்கிறதா? ஒரே தட்டுக்கு இரண்டு தடவை ஒலிக்கிறதா? பக்கத்துப் பேடையும் சேர்த்து அழுத்துங்கள், இரண்டும் வருகின்றனவா? பிறகு 128 பிபிஎம் பாட்டு ஒன்றைப் போட்டு, இரு விரலால் மாற்றி மாற்றி ஒரு பீட்டுக்கு நாலு தட்டு தட்டுங்கள். தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி எவ்வளவு தெரியுமா? 117 மில்லி விநாடி! ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. இதையெல்லாம் கடைக்காரரின் கம்ப்யூட்டரில் பார்த்துப் பயனில்லை. உங்கள் லேப்டாப்பை, உங்கள் மென்பொருளோடு, கையோடு தூக்கிக்கொண்டு போங்கள்!