ஓட்ட இயந்திரமும் சிறு கைகளும்

சூடடிக்கும் இயந்திரத்தருகே பிள்ளைகளை அண்டவிடாத வழக்கம் வன்னிக் குடும்பங்களுக்குப் புதிதன்று. கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ உடற்பயிற்சிக்கென ‘ட்ரெட்மில்’ எனும் ஓட்ட இயந்திரத்தை வீட்டுக்குக் கொணர்வோரும் அதே எச்சரிக்கையைக் கைக்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்காவில் ‘பெலோட்டன்’ நிறுவனம், ஏறத்தாழ 125,000 ஓட்ட இயந்திரங்களை 2021 மே மாதத்தில் மீளப் பெற நேர்ந்தது. ஆறு வயதுக் குழந்தையொன்று அவ்வியந்திரத்தின் அடியில் இழுபட்டு உயிர்நீத்தது. சிறுவர் காயமுற்றதாக 29 முறைப்பாடுகளும் கிடைத்திருந்தன.

ஓடும் பட்டை பின்முனையில் கீழ்நோக்கித் திரும்புகிறது. அங்கே பட்ட சிறுகை உள்ளே இழுக்கப்படும். முன்னோக்கி ஓடுபவரோ பின்னே நிகழ்வதைக் காணார்.

ஆகவே, பிள்ளைகள் நுழையாதபடி கதவைத் தாழிட்டே பயிற்சி செய்யுங்கள். முடிந்ததும் மின்னிணைப்பை நீக்கி, பாதுகாப்புச் சாவியைக் கழற்றி, அவர்கள் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். பெற்றோர் உடல்நலம் பேணுவது பிள்ளைகளுக்காகவும் அன்றோ?