வீடு முழுவதற்குமான காபன் வடிகட்டி: யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

ஒன்ராறியோவில் சொந்த வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பின்னேரத்தில் யாரோ கதவைத் தட்டுவார்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஒருவர், சில வேளைகளில் தமிழிலேயே, "உங்கள் தண்ணீரைப் பரிசோதிக்க வந்திருக்கிறோம்" என்பார். குழாய்த் தண்ணீரை ஒரு கிளாசில் பிடித்து, இரண்டு கம்பிகளை அதற்குள் விட்டு மின்சாரம் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கி மண்ணிறமாகும். அவர் கொண்டுவந்த தண்ணீர் மட்டும் தெளிவாகவே நிற்கும். "இதையா பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் எந்தத் தாய்க்குத்தான் நெஞ்சு பதறாது?

அந்த மண்ணிறம் தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல. கம்பிகளில் ஒன்று இரும்பு. கல்சியம், மக்னீசியம் போன்ற கனிமங்கள் உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். அப்போது இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். கனிமங்கள் முழுவதும் நீக்கப்பட்ட தண்ணீரில் மின்சாரம் பாய்வது மிகக் குறைவு, ஆகவே அது தெளிவாக நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் விற்க வந்த பொருள் காபன் வடிகட்டி என்றால், அதன் ஊடாக வந்த தண்ணீரும் இந்தச் சோதனையில் இதேபோலக் கலங்கத்தான் செய்யும். காபன் கனிமங்களை அகற்றுவதில்லை.

அப்படியானால் காபன் எதைத்தான் செய்கிறது? இந்த வடிகட்டிகளில் பலவற்றுக்குள் இருப்பது நாம் ஊரில் அடுப்பெரித்த தேங்காய்ச் சிரட்டையின் கரிதான். இலங்கை இதை ஏற்றுமதி செய்யும் முக்கியமான நாடுகளில் ஒன்று. சிரட்டைக் கரியை மிகுந்த வெப்பத்தில் நீராவியால் பதப்படுத்தும்போது அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீற்றரைத் தாண்டக்கூடும். மணம், சுவை தரும் சேதனப் பொருட்கள் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரீன் அங்கே தாக்கமடைந்து, மணமில்லாத குளோரைட்டாக மாறிவிடுகிறது. தேநீரிலும் குளிக்கும்போதும் வரும் அந்த நீச்சல் தடாக மணம் போய்விடும். மணம் பிடிக்காதவர்களுக்கு அது பெரிய நிம்மதிதான். அதை நாம் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் குளோரீனை எதிரியாக நினைக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டு மே மாதம் இதே ஒன்ராறியோவின் வோக்கர்ட்டன் என்ற சிற்றூரில், கிணற்று நீருக்குக் குளோரீன் ஒழுங்காக இடப்படாததால் ஈ.கோலை கிருமி பரவியது. ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 2002இல் வந்த பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் அந்த அவலத்தின் பின் பிறந்தது. வீட்டுக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலேயே காபன் வடிகட்டியைப் பூட்டினால், அதற்குப் பிறகு உள்ள குழாய்கள் எல்லாவற்றிலும் கிருமிநாசினி இல்லாத தண்ணீர்தான் ஓடும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிறோம் என்றால், அந்தத் தண்ணீர் அவ்வளவு நாளும் அப்படியே தேங்கி நின்றிருக்கும். திரும்பி வந்ததும் எல்லாக் குழாய்களையும் நன்றாகத் திறந்துவிட வேண்டும். உரிய காலத்தில் மாற்றப்படாத வடிகட்டி கிருமிகள் வளரும் இடமாகிவிடும்; அதைவிட வடிகட்டி இல்லாமலே இருப்பது நல்லது.

ரொறன்ரோவில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒன்ராறியோ ஏரித் தண்ணீரைச் சுத்திகரித்த பின், குழாய்களில் நீண்ட தூரம் தாக்குப்பிடிப்பதற்காக அதில் சிறிது அமோனியாவும் சேர்க்கிறார்கள். குளோரீன் குளோரமைனாக மாறுகிறது. குடத்தில் ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரீன் பறந்துவிடும், குளோரமைன் இலகுவில் போகாது. சாதாரண காபனும் அதை மெதுவாகவே அகற்றும். தண்ணீர் கரியோடு கூடுதல் நேரம் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். அதற்குப் பெரிய தொட்டியும் 'கற்றலிற்றிக்' எனப்படும் விசேட காபனும் தேவை. ஆகவே சின்ன உருளை ஒன்றைக் காட்டி "எல்லாம் போய்விடும்" என்பவரிடம், குளோரமைனுக்கு இது சரிவருமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படிவை இது நிறுத்தாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படிவு புதிதல்ல. அதற்குத் தேவை உப்பு போடும் மென்னீராக்கி. ரொறன்ரோவில் தண்ணீரின் வன்மை நடுத்தரம்தான், பலருக்கு அதுவும் அவசியமில்லை. நிலத்தடி நீர் கலக்கும் கிச்சினர், வாட்டர்லூ பக்கம் நிலைமை வேறு.

உண்மையில் கவலைப்பட வேண்டியது ஈயம். 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் ஈயக் குழாய் இருக்கக்கூடும். வீட்டுக்குள் உள்ள பழைய ஒட்டுகளிலிருந்து கரையும் ஈயத்தை, அவற்றுக்கு முன்னால் வாசலில் நிற்கும் வடிகட்டி எப்படிப் பிடிக்கும்? குடிக்கும் குழாயிலேயே பூட்டும் சிறிய வடிகட்டிதான் அங்கே பொருத்தம். பெட்டியில் 'என்எஸ்எஃப் 53' என்றும், ஈயத்துக்கானது என்றும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 'என்எஸ்எஃப் 42' என்றால் மணத்துக்கும் சுவைக்கும் மட்டுமே. எதையும் வாங்கு முன் உங்கள் நகரசபையின் குடிநீர் ஆண்டறிக்கையை எடுத்துப் படியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் அதை இலவசமாகத் தர வேண்டியது அவர்களின் கடமை.

இனி அந்த ஒப்பந்தம். நம்மவர்கள் பலர் மாட்டிக்கொண்டது தண்ணீரில் அல்ல, 'மாத வாடகைதான்' என்று நீட்டப்பட்ட தாளில். பல வருட வாடகையைக் கூட்டிப் பார்த்தால், கடையில் வாங்கிப் பூட்டும் செலவைப் பல மடங்கு தாண்டும். அதைவிட மோசமானது, வீட்டுக்காரருக்கே தெரியாமல் காணிப் பதிவில் ஏற்றப்பட்ட பொறுப்பு. வீட்டை விற்கவோ கடனைப் புதுப்பிக்கவோ போகும் நாளில்தான் அது வெளியே வரும். ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல், நாம் அழைக்காமல் வாசலுக்கு வந்து தண்ணீர் வடிகட்டிக்கு ஒப்பந்தம் எழுதுவது தடை. மீறி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. நாமே அழைத்து வீட்டில் கையெழுத்திட்டிருந்தாலும், பிரதி கையில் கிடைத்த பின் பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். 2024 ஜூன் 6 முதல், வீட்டுப் பாவனைப் பொருட்களுக்காகக் காணிப் பதிவில் இப்படிப் பொறுப்பு ஏற்றுவதும் தடைசெய்யப்பட்டது, முன்பு ஏற்றியவையும் காலாவதியாயின. ஆனால் பதிவு போனதால் ஒப்பந்தப் பணமும் தானாகப் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பழைய தாள் வீட்டில் இருந்தால், வாடகை கட்டுவதை நிறுத்து முன் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.