இஸகாயா சமையல்: கற்பதற்கு முன் கேட்டறிய வேண்டியவை

மாலையில் பணி முடிந்து வெளியேறும் ஜப்பானியர்கள், வீடு செல்வதற்கு முன்னர் சக ஊழியர்களுடன் கூடி உண்டு உரையாடும் இடங்களாக 'இஸகாயா' எனப்படும் உணவகங்கள் விளங்குகின்றன. 'அமர்ந்து அருந்தும் மதுக்கடை' என்பதே அச்சொல்லின் பொருளாகும். 1603 முதல் 1868 வரை நீடித்த எடோ காலத்தில், 'சாகே' எனும் அரிசி மதுவை விற்ற கடைகள் வாடிக்கையாளரை அங்கேயே அமர்ந்து அருந்த அனுமதித்தன. அதனுடன் பரிமாறப்பட்ட சிற்றுணவுகளே காலப்போக்கில் தனியொரு சமையல் மரபாக வளர்ந்தன. இன்று டோக்கியோ, ஒசாகா போன்ற நகரங்களில் இவற்றை வெளிநாட்டவருக்குக் கற்பிக்கும் செய்முறை வகுப்புகள் நடைபெறுகின்றன.

மதுக்கடையில் பிறந்த சமையலைப் பற்றி நாம் ஏன் எழுத வேண்டும் என வாசகர்கள் வினவக்கூடும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கென 2019 ஏப்ரலில் ஜப்பான் அறிமுகப்படுத்திய திறன்சார் விசாத் திட்டத்தில் உணவகத்துறையும் இடம்பெற்றது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் இலங்கையும் ஜப்பானுடன் இது தொடர்பான ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. இந்நிலையில், ஜப்பானிய சமையலறையில் என்ன சமைக்கப்படுகின்றது, எவற்றைக் கொண்டு சமைக்கப்படுகின்றது என்பதை எமது இளைஞர், யுவதிகள் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகின்றது.

இச்சமையலின் அடித்தளம் மதுவன்று; 'தாஷி' எனும் தெளிந்த சாறேயாகும். ஒரு லீற்றர் தண்ணீரில் சுமார் 10 கிராம் 'கொம்பு' எனும் உலர்ந்த கடற்பாசியை ஊறவைத்து, மெல்லிய தீயில் சூடாக்கி, கொதிக்கும் முன்னரே பாசியை எடுத்துவிட வேண்டும். பின்னர் 'கட்சுவோபுஷி' எனும் மீன் சீவல்களை இட்டுச் சிறிது நேரத்தில் வடிகட்ட வேண்டும். பிழிந்தால் சாறு கலங்கிக் கசப்பேறும். இம்மீன் எமக்கு அந்நியமானதன்று. அவித்து, புகையூட்டி, உலர்த்திய சூரை மீனே அது. மாலைதீவிலிருந்து வந்து எமது சம்பலுக்குச் சுவையூட்டும் மாசிக்கருவாடும் அதே மீன்தான். கொம்புவின் சுவைக்குக் காரணம் குளுட்டமேற்று என்பதை இகேதா கிகுனாயே எனும் ஜப்பானிய இரசாயனவியலாளர் 1908இல் கண்டறிந்து அதற்கு 'உமாமி' எனப் பெயரிட்டார்.

நூலைப் படித்து அறிவதற்கும் கையால் செய்து அறிவதற்கும் உள்ள வேறுபாடு வகுப்பிலேயே புலப்படும். 'கராகே' எனும் கோழிப் பொரியலுக்கு, சோயா சோஸ், இஞ்சி, உள்ளி ஆகியவற்றில் ஊறிய இறைச்சியை உருளைக்கிழங்கு மாவில் புரட்டி, முதலில் ஏறத்தாழ 160 பாகை செல்சியஸிலும், சற்று ஆறவிட்டு மீண்டும் 180 பாகைக்கு மேலும் பொரிக்கின்றனர். முதற் பொரிப்பு உள்ளே வேகவைக்கின்றது. இரண்டாவது மேற்புறத்தை மொறுமொறுப்பாக்குகின்றது. எண்ணெயின் ஓசை மாறும் தருணத்தைக் காது பழகியே அறிய வேண்டும். தாஷி கலந்த முட்டையை நாற்சதுரத் தட்டையான சட்டியில் மெல்லிய படைகளாக ஊற்றிச் சுருட்டும் 'தாஷிமாகி'யும் அத்தகையதே. முதல் முயற்சியில் பலருக்கும் அது கிழிந்துபோகும்.

எனினும், எமது வாசகர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய விடயம் வேறொன்று உண்டு. உணவுடன் அருந்தும் மதுவைத் தவிர்ப்பது எளிது. உணவினுள் மறைந்திருக்கும் மதுவை அறிவதே கடினம். இறைச்சியின் வாடையைப் போக்க சாகேயும், இனிப்புக்கும் பளபளப்புக்கும் 'மிரின்' எனும் திரவமும் சேர்க்கப்படுகின்றன. அசல் மிரினில் ஏறத்தாழ 14 சதவீதம் மதுசாரம் உண்டு. சமைக்கும்போது அது முற்றாக ஆவியாகிவிடும் என்பது சரியான கூற்றன்று. சமைக்கும் நேரத்தைப் பொறுத்து ஒரு பகுதி எஞ்சவே செய்யும். பன்றி இறைச்சி பொரித்த அதே எண்ணெயில் கோழியும் பொரிக்கப்படலாம். அக்கோழி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்பதும் தனிக் கேள்வியாகும். மாட்டிறைச்சியைத் தவிர்க்கும் இந்துக்களும், மரக்கறி உணவை மட்டுமே உண்போரும் இதே சிக்கலை எதிர்கொள்கின்றனர். மரக்கறியாகத் தோன்றும் தோஃபு உணவிலும் மீன் சாறு கலந்திருக்கும்.

இவற்றுக்கு மாற்று வழிகள் இல்லாமலில்லை. சாகேக்குப் பதிலாக இஞ்சிச் சாற்றையும், மிரினுக்குப் பதிலாகச் சீனிக் கரைசலையும் பயன்படுத்தலாம். சுவை சற்று வேறுபடினும் உணவு கெடுவதில்லை. கொம்பு, உலர்ந்த ஷீட்டாக்கே காளான் ஆகியவற்றால் மட்டுமே தயாரிக்கும் தாஷி ஜப்பானியப் பௌத்த மடாலயங்களின் மரபாகும். ஆனால், கோழி ஊறவைக்கப்பட்ட பின்னர் கேட்டுப் பயனில்லை. ஆகவே வகுப்பில் இடம் பதியும்போதே தமது தேவையைத் தெரிவித்துவிடுதல் வேண்டும்.

கற்பவர் விருந்தாளி என்பதால் கேட்க இயலும். தொழிலுக்குச் செல்பவருக்கோ அந்தச் சுதந்திரம் குறைவு. மதுவையும் பன்றி இறைச்சியையும் கையாளும் பணியை ஏற்கலாமா என்பதை ஒரு முஸ்லிம் இளைஞர் உலமாக்களிடமும், தமக்குரிய கடமைகள் எவை என்பதைத் தொழில் வழங்குநரிடமும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்னரே கேட்டறிய வேண்டும். ஜப்பானிய மொழி கற்பிக்கும் எமது நிறுவனங்களும் வாழ்த்துச் சொற்களுடன் நின்றுவிடாது, சமையற் பொருட்களின் பெயர்களையும் பொதிகளில் உள்ள எழுத்துக்களை வாசிக்கும் முறையையும் கற்பித்தல் வேண்டும்.

பிறர் சமையலைக் கற்பது எமது நம்பிக்கையைக் கைவிடுவதாகாது. அறியாமல் உண்பதும், அறியாமல் ஒப்புக்கொள்வதுமே தவிர்க்கப்பட வேண்டியவையாகும்.